குச்சவெளிக் கடலும் நூறாண்டுப் போரும்

ஐரோப்பிய வரலாறு கற்பிப்போரை ஆண்டுதோறும் தேடிவரும் கேள்வி ஒன்று உண்டு. நூறாண்டுப் போர் 1337 ஆம் ஆண்டில் தொடங்கி 1453 ஆம் ஆண்டில் முடிந்தது என்று கரும்பலகையில் எழுதிய மாத்திரத்தே, கணக்கில் கெட்டிக்காரனான மாணாக்கன் ஒருவன் எழுந்து, அது நூற்றுப் பதினாறு ஆண்டுகள் அல்லவா என்பான். ஆம், நூற்றுப் பதினாறுதான். அப்பெயரைச் சூட்டியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள். போருக்குள்ளே பிறந்து போருக்குள்ளே மடிந்தவர்களுக்குத் தாம் எந்தப் போரில் இருக்கிறோம் என்பதோ, அது எத்தனை ஆண்டு செல்லும் என்பதோ தெரியாது. இவ்விடையை வகுப்பறையில் சொல்லிவிடுவது எளிது. குச்சவெளிக் கரையில் நின்று அதையே எண்ணிப் பார்க்கும்போது, சொல்லுக்கு வேறொரு கனம் ஏறிவிடுகிறது.

குச்சவெளிக்கும் அப்போருக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். உறவு உண்டு. அதைக் காண்பதற்கு முன் ஊருக்குப் போய்ச் சேர்வோம்.

திருக்கோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் பாதையில் ஏறக்குறைய இருபத்தொரு மைல் தூரத்தில் உள்ளது குச்சவெளி. பழைய நிருவாகப் பிரிவுகளின்படி கட்டுக்குளப்பற்றைச் சேர்ந்த ஊர். நாம் சென்றது ஓகஸ்ட் மாதத்தில். கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. பஸ் வண்டியின் இடப்புறச் சாளரங்களினூடே புழுதி புகுந்து வலப்புறமாக வெளியேறியது. பட்டினத்தை விட்டதும் உப்புவெளியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தோரின் மயானம் வருகிறது. வரிசை வரிசையாகக் கற்கள், ஒவ்வொன்றிலும் பெயர், வெட்டிச் சீராக்கிய புல். அதைக் கடந்தால் சாம்பல்தீவு, பின் நிலாவெளி. கரைக்கு அப்பால் புறாத்தீவு தெரிகிறது. அத்தீவைக் குறியாக வைத்து ஆங்கிலேயக் கடற்படையினர் ஒரு காலத்திற் சுட்டுப் பழகினராம். 2003 ஆம் ஆண்டு முதல் அது தேசிய பூங்கா. பவளப் பாறைகளைக் காண வரும் வெள்ளைக்காரப் பிரயாணிகளுள் பிரெஞ்சு மொழி பேசுவோரும் ஆங்கிலம் பேசுவோரும் ஒரே வள்ளத்தில் ஏறிச் செல்கின்றனர்.

நிலாவெளிக்கு அப்பால் பனைகளும் உப்பளங்களும் இறக்கக்கண்டிக் களப்பும் வருகின்றன. உப்பைக் கண்டதும் வரலாற்று ஆசிரியரின் மனம் பிரான்சுக்கு ஓடிவிடும். அது எம்போன்றோரின் நோய். நூறாண்டுப் போரின் செலவுக்குப் பணம் போதாமையால், 1341 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் ஆறாம் பிலிப்பு உப்பின்மீது வரி விதித்தான். போர் முடிந்த பின்னும் வரி முடியவில்லை. புரட்சியின் பின் 1790 ஆம் ஆண்டிலேதான் அது நீக்கப்பட்டது. போர் நூற்றுப் பதினாறு ஆண்டு. அதற்கென்று போட்ட வரியோ நானூற்று நாற்பத்தொன்பது ஆண்டு!

போரின் காரணம் நம்மவர்க்கு விளங்கக்கூடியதே. 1328 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் நான்காம் சாள்ஸ் ஆண்மக்களின்றி இறந்தான். அவனுடைய சகோதரியின் மகன் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வேட்டு. தாய்மாமன் முடி தனக்கே உரியது என்றான் மருமகன். பெண்வழி உரிமை எமது நாட்டிற் செல்லாது என்றனர் பிரெஞ்சுப் பிரபுக்கள். நமது கிழக்கிலங்கையில் வழங்கிய முக்குவச் சட்டத்தின்படி இவ்வழக்கை நடத்தியிருந்தால், மருமக்கள் உரிமையென்று எட்வேட்டுக்கே தீர்ப்பாகியிருக்கும் என்று நாம் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1340 ஆம் ஆண்டில் எட்வேட்டு, "பிரான்சின் மன்னன்" என்னும் பட்டத்தைத் தானே சூடிக்கொண்டு, பிரெஞ்சு அரசரின் அல்லிப் பூக்களைத் தன் கேடயத்திற் பொறித்தான்.

அப்பால் நடந்தவை பாடநூலில் உள்ளன. 1346 இற் கிரெசி, 1415 இல் அஜின்கோர்ட்டு, 1431 இல் ரூவான் நகரச் சந்தையில் எரிக்கப்பட்ட பத்தொன்பது வயது மதிக்கத்தக்க யோவான் என்னும் கன்னி. ஆயின் பாடநூல் மெல்லக் கடந்து செல்லும் ஒன்றையே நாம் இங்கு நின்று பேச விரும்புகிறோம். நூறாண்டுப் போரில் சண்டை நடந்த ஆண்டுகள் குறைவு. போர்நிறுத்த ஆண்டுகளே மிகுதி. அரசர்கள் உடன்படிக்கை செய்தவுடன் படைவீரரின் சம்பளம் நின்றுபோகும். சம்பளமற்ற வீரர் கூட்டங்கூட்டமாய்ப் பிரிந்து, கிராமங்களைப் பிடித்து, கப்பம் வாங்கி, தானியத்தைச் சூறையாடி உண்டனர். பிரெஞ்சுக் குடியானவனுக்குச் சமாதானச் செய்தியும் அச்சச் செய்தியே.

கலே துறைமுகம் நீங்கலாக ஆங்கிலேயர் 1453 ஆம் ஆண்டில் பிரான்சை இழந்தனர். 1558 ஆம் ஆண்டில் கலேயும் போயிற்று. ஆயினும் பட்டத்தை விட்டார்களோ? இல்லை. இடையிலே சில ஆண்டுகள் நீங்கலாக, ஆங்கில மன்னர் ஒவ்வொருவரும் "பிரான்சின் மன்னர்" என்றே தம்மை அழைத்துக்கொண்டனர். குடியேற்ற ஆட்சிக் காலத்து ஆவணங்களிற் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கி நிற்கும் இலச்சினையைக் கண்டவர்கள், அதன் அடியிலுள்ள வாசகம் ஆங்கிலமன்று, பிரெஞ்சு என்பதைக் கவனித்திருப்பர். 1782 ஆம் ஆண்டிலும் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் கேடயத்தில் எட்வேட்டின் அல்லிப் பூக்கள் வாடாமல் இருந்தன. அந்தப் பூக்களோடுதான் ஆங்கிலேயர் குச்சவெளிக் கடலுக்கு வந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் போர்களைச் சில ஆசிரியர்கள் "இரண்டாம் நூறாண்டுப் போர்" என்று அழைப்பர். முடிக்காக அன்றி வாணிபத்துக்காகவும் குடியேற்றங்களுக்காகவும் நடந்தமையால் அது வேறு போரே என்பாரும் உளர். எமக்கு முன்னவர் கட்சியிலேயே சார்பு. பகைவர் அவரே, பட்டம் அதுவே, களம் மாத்திரம் நம்முடைய கடலுக்கு நகர்ந்துவிட்டது.

ஏன் இக்கடல்? காற்றைக் கேட்டால் அது விடை சொல்லும். சென்னைப் பட்டினத்திலும் புதுச்சேரியிலும் அந்நாளில் துறைமுகம் இல்லை. அலையடிக்கும் திறந்த கரையே இருந்தது. வாடைக்காற்றுத் தொடங்கினால் போர்க்கப்பல்கள் அங்கே தரித்து நிற்க இயலாது. ஆங்கிலேயர் பம்பாய் வரையிற் சுற்றிப் போய்வர வேண்டும். பிரெஞ்சுக்காரர் மொரீசியசுத் தீவுக்கே போகவேண்டும். எக்காற்றிலும் ஒதுங்கி நிற்கத் தக்க இயற்கைத் துறை இப்பக்கத்தில் ஒன்றே ஒன்று: திருக்கோணமலை. அது ஒல்லாந்தர் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் 1672 ஆம் ஆண்டிலேயே கொட்டியாரக் குடாவுக்கு வந்து, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் அனுசரணையோடு கால்வைத்துப் பார்த்து, ஒல்லாந்தரால் விரட்டப்பட்டவர்கள். ஆசை அற்றுப் போகவில்லை.

1782 ஆம் ஆண்டு ஜனவரியில், நாகபட்டினத்தைக் கைப்பற்றிய கையோடு, ஆங்கிலக் கடற்றளபதி எட்வேட்டு ஹியூஸ் திருக்கோணமலைக்கு வந்தார். 11 ஆந் திகதி ஒஸ்ரன்பேர்க்குக் கோட்டையும் அவர் வசமாயிற்று. அவருடன் வந்தோருள் சென்னைச் சிப்பாய்கள் பலர். அடுத்த மாதமே பிரெஞ்சுத் தளபதி சுப்றேன் சோழமண்டலக் கரையிற் தோன்றினார். இவர் பருத்த உடம்பினர், முரட்டுப் பேச்சினர், கீழிருந்த கப்பற்றலைவர்களோடு ஒத்துப்போகாதவர். ஆனால் கடற்போரில் வல்லவர். மைசூர் ஹைதர் அலிக்கு இவர்மீது பெருமதிப்பு. பிப்ரவரியிற் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலிற் திருக்கோணமலைக்குத் தெற்கே புறோவிடியன் என்று ஐரோப்பியர் அழைத்த சிறு பாறைத்தீவின் அருகு, ஜூலையில் நாகபட்டினம் என மூன்று முறை இருவரும் மோதினர். ஒருவரும் வெல்லவில்லை.

ஓகஸ்ட் 25 ஆந் திகதி சுப்றேன் திருக்கோணமலைக் குடாவில் நங்கூரம் பாய்ச்சினார். மாதம் முடியுமுன் இரு கோட்டைகளும் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறின. ஹியூஸ் சென்னையிலிருந்து விரைந்துதான் வந்தார். ஆனால் எதிர்க்காற்று அவரைத் தாமதிக்கச் செய்தது. நாம் குச்சவெளியில் நின்ற அதே பருவம், அதே காற்று. வடக்கிலிருந்து திருக்கோணமலைக்கு வரும் கப்பல்கள் இக்கரைக்கு நேரே உள்ள கடலைக் கடந்தே ஆகவேண்டும். ஆகவே செப்டெம்பர் முதல் நாட்களில் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் பன்னிரண்டும் பாய் விரித்துத் தெற்கு நோக்கிச் செல்வதை இவ்வூர்க் கடற்றொழிலாளர் யாரேனும் கண்டிருத்தல் வேண்டும். கண்டவர் அதை எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை.

செப்டெம்பர் 3 ஆந் திகதி விடியற்காலையிற் கோட்டைகளின்மேல் பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டார் ஹியூஸ். காலம் கடந்துவிட்டது. அவர் தென்கிழக்காகக் கடலுக்குள் விலகிச் சென்றார். துறையைப் பெற்றது போதும், இனிச் சண்டை வேண்டாம் என்று உடனிருந்தோர் சொல்லியுங் கேளாமல், சுப்றேன் பதினான்கு கப்பல்களோடு அவரைப் பின்தொடர்ந்தார். பிற்பகல் இரண்டரை மணியளவிற் தொடங்கிய பீரங்கிச் சமர் இருளும்வரை நடந்தது. பிரெஞ்சு வரிசை குலைந்தது. சுப்றேனின் "ஏரோ" என்னும் கப்பலும் இன்னும் இரண்டும் தனித்து அகப்பட்டுக்கொண்டன. ஏரோவின் பெரிய பாய்மரம் முறிந்து வீழ, அதனோடு கொடியும் வீழ்ந்தது. கொடி வீழ்ந்தாற் சரணடைந்ததாகப் பொருள்படும் அல்லவா? வெள்ளைக் கொடிகளைக் கொணர்ந்து கப்பலெங்கும் கட்டுங்கள் என்று சுப்றேன் கூவினாராம். இன்று வெள்ளைக் கொடி சரணாகதிக்கு அடையாளம். அன்றோ பிரெஞ்சு அரசரின் கொடியே வெள்ளை. "சரணடையோம்" என்பதற்காக அவர் வெள்ளைக் கொடி கேட்டார்!

ஆங்கிலேயருள் இறந்தோர் 51 பேர், காயமுற்றோர் 283 பேர். பிரெஞ்சுக்காரருள் இறந்தோர் 82 பேர், காயமுற்றோர் 255 பேர். அன்றிரவு ஒரு கப்பலும் பிடிபட்டிருக்கவில்லை. சில நாள் கழித்துத் துறைக்குத் திரும்புகையில் "ஒறியன்ட்" என்ற பிரெஞ்சுக் கப்பல் பாறையில் ஏறி அழிந்தது. பீரங்கிகளால் முடியாததைத் திருக்கோணமலைப் பாறை செய்து முடித்தது. கப்பற்றலைவர் நால்வர் சுப்றேனிடம் விடை கேட்டுப் பிரிந்தனர்.

குச்சவெளிக் கரையில் வாடி ஒன்றின் நிழலில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். எழுபது வயதிருக்கும், முஸ்லிம் பெரியவர்.

"காக்கா, இந்தக் கடலிலே பழைய பீரங்கி, குண்டு ஏதும் வலையில் வந்ததுண்டா?" என்றோம்.

அவர் சிரித்தார். "வலை மாட்டும் சேர். கல்லிலயும் மாட்டும், கப்பலிலயும் மாட்டும். அது எந்தக் காலத்துக் கப்பல் எண்டு மீனுக்குத்தான் தெரியும். எங்களுக்கு வலை கிழிஞ்ச கணக்குத்தான் தெரியும்."

1782 ஆம் ஆண்டுச் சண்டையை நாம் சுருக்கமாகச் சொன்னோம். வலையிலிருந்து கையெடுக்காமற் கேட்டார். முடிவில் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "அந்த வருஷம் தொழிலுக்கு விட்டாங்களா?"

எமக்கு விடை தெரியவில்லை. ஹியூசின் கடிதங்கள் உள்ளன. சுப்றேனின் நாட்குறிப்புகள் உள்ளன. எந்தக் கப்பலில் எத்தனை பீரங்கி என்ற பட்டியல் உள்ளது. அந்த ஓகஸ்டில் குச்சவெளியார் கடலுக்குப் போனார்களா, அவர்களுடைய ஆடுமாடுகளுக்கு எவரேனும் விலை கொடுத்தார்களா என்பதை நாம் கற்ற நூல் எதுவும் சொன்னதில்லை. அவர் கேள்வி வெறுங் கேள்வியுமன்று. இக்கரையில் இரவுத் தொழிலுக்குத் தடை, வள்ள இயந்திரத்தின் வலுவுக்கு வரம்பு, கடலுக்குள் இறங்கப் பாஸ் என்றெல்லாம் ஒரு தலைமுறைக் காலம் இருந்தது.

எம் வயதினர்க்கு அதை விளக்க வேண்டியதில்லை. நாம் குழந்தையாயிருந்த 1983 ஆம் ஆண்டில் மூண்ட போர், நாம் கற்பிக்கத் தொடங்கிய பின் 2009 ஆம் ஆண்டிலேதான் ஓய்ந்தது. இடையிடையே ஒப்பந்தங்கள், பேச்சுகள், போர்நிறுத்தங்கள். 1990 ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டபோது இம்மாவட்டத்தார் பலர் வீடு துறந்து முகாம்களிலும், கடல் கடந்து மண்டபத்திலும் தஞ்சம் புகுந்தனர். 1995 ஆம் ஆண்டு ஏப்ரலில் போர்நிறுத்தம் முறிந்ததும் திருக்கோணமலைத் துறைமுகத்திலேயே. 2006 ஆம் ஆண்டில் மீண்டும் சண்டை மூண்டது இம்மாவட்டத்து மாவிலாற்று நீரை முன்னிட்டே. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, போருக்குத் தப்பிய வள்ளங்களையும் அது கொண்டு போயிற்று. இருபத்தாறு ஆண்டு என்று இன்று கூட்டிச் சொல்கிறோம். 1995 ஆம் ஆண்டில் அது பன்னிரண்டாவது ஆண்டு என்பதை அறிவோமேயன்றி, பாதிவழி கூட வரவில்லை என்பதை யார் அறிந்திருந்தோம்?

"சமாதானம் எண்டு றேடியோவில சொன்னா, எங்கட வாப்பா முதல் வேலையா அரிசி மூட்டை வாங்கி வைப்பார்," என்றார் பெரியவர். "ஏன் எண்டு கேட்டா, சண்டை நிண்டாத்தான் மனே திரும்பத் தொடங்கும் எண்டு சொல்லுவார்."

பிரெஞ்சுக் குடியானவனும் இந்த வாப்பாவும் ஒருவரையொருவர் கண்டிருந்தால் மொழி தெரியாமலே பேசியிருப்பார்கள்.

சமாதானச் செய்தி பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விடலாகாது. சுப்றேனும் ஹியூசும் ஐந்தாம் முறையாக மோதியது 1783 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆந் திகதி, கடலூருக்கு எதிரே. ஒன்பது நாட் கழித்து ஓர் ஆங்கிலக் கப்பல் செய்தி கொணர்ந்தது: அரசர்கள் சமாதான முன்னுடன்படிக்கையிற் கையெழுத்திட்டுவிட்டனர். எப்பொழுது? அவ்வாண்டு ஜனவரி 20 ஆந் திகதி! ஐந்து மாதத்துக்கு முன் முடிந்துபோன போரில் அன்று கடலூரிற் பலர் மாண்டனர். ஐந்து சமர்களிலும் சேர்த்து இரு தரப்பும் எதிரியின் பெரிய போர்க்கப்பல் ஒன்றைத் தானும் பிடித்ததுமில்லை, மூழ்கடித்ததுமில்லை. நாகபட்டினம் ஆங்கிலேயரிடம் தங்கியது. திருக்கோணமலை மீண்டும் ஒல்லாந்தரிடமே போயிற்று. நாடு திரும்பும் வழியில் சுப்றேன் நன்னம்பிக்கை முனையிற் தங்கியபோது, அங்கு நின்ற ஆங்கிலக் கப்பற்றலைவர்கள், முந்திய ஆண்டு அவர்மீது குண்டு பொழிந்தவர்களே, அவரது கப்பலுக்கு வந்து மரியாதை செலுத்தினர். அதனால் அவர் பெரிதும் மகிழ்ந்தார் என்பர். பெருந்தன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் எமக்கு அச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் கடலில் இறக்கப்பட்ட நூற்று முப்பத்து மூவரின் நினைவே வருகிறது. உப்புவெளியிற் போல் அவர்களுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை.

1795 ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரர் ஒல்லாந்தைக் கைக்கொண்டதைக் காரணங்காட்டி, ஆங்கிலேயர் திருக்கோணமலையை மறுபடியும் பிடித்தனர், இம்முறை விடவில்லை. பின்னர் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆதர் வெலஸ்லி, 1800 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1801 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இத்துறையிற் படை திரட்டிக்கொண்டிருந்தார். அந்நாட்களிலேயே, 1801 ஜனவரி முதலாந் திகதி, மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் பிரான்சின் மன்னர் என்ற பட்டத்தைக் கைவிட்டார். கேடயத்திலிருந்து அல்லிப் பூக்கள் உதிர்ந்தன. அச்செய்தி திருக்கோணமலைக்கு எட்டப் பல மாதம் ஆகியிருக்கும். நூறாண்டுப் போரின் கடைசித் துணுக்கு அற்றுப்போனதை அறியாமலே, வெலஸ்லி இங்கிருந்து பிரெஞ்சுக்காரரோடு பொர ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்.

குச்சவெளியில் பார்ப்பதற்கு என்ன உண்டு என்று கேட்போர்க்கு: பாழடைந்த பழைய வெளிச்சவீடு ஒன்று கடல்முனையில் நிற்கிறது. கடலுக்கு அணித்தே ஒரு பாறையில் வடமொழிச் சாசனம் வெட்டப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது; பரணவிதான படித்து வெளியிட்டது. சாசனங்களென்றால் வெற்றியையும் தானத்தையும் எதிர்பார்க்கும் எமக்கு அதன் பொருள் வியப்பளித்தது. தான் செய்த புண்ணியத்தின் பயனாக, இனி எடுக்கும் பிறவிதோறும் உலகத்தாரின் துன்பத்தைத் தீர்க்கும் ஆற்றல் தனக்கு வாய்க்கவேண்டும் என்று யாரோ ஒரு பௌத்தர் வேண்டிக்கொண்ட வாசகம் அது. எழுத்துகள் தேய்ந்துள்ளன. நாம் போனபோது அப்பக்கம் வேறெவரும் இல்லை.

திரும்பி வருகையில் பெரியவர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையாகியும் கச்சான் தணியவில்லை. இன்னும் எத்தனை நாளைக்குத் தொழில் என்று கேட்டோம்.

"வாடை எழும்பும் வரைக்கும் சேர். அதுக்குப் பிறகு வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டிடுவம்," என்றார். பின் மணலிற் குந்தியிருந்த பேரனைக் கூப்பிட்டு, சேருக்குக் கருவாடு கொஞ்சம் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். பையன் வீட்டை நோக்கி ஓடினான். புல்மோட்டைப் பஸ் வருவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.